செல்வின் சாரின் பட்டாம்பூச்சிப் பூங்கா

"குருவே, ஒரு பூச்சிகூட வரமாட்டேங்குது."

விலங்கியல் துறை வாசலில் நின்று செல்வின் துரைராஜ் சொன்னார். ஐம்பது தாண்டிய வணிகவியல் பேராசிரியர். அவர் குரு என்று அழைத்த விலங்கியல் ஆசிரியை பர்வீன் பானுவுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

கல்லூரிப் பசுமை மன்றத்தை அவர் தலையில் கட்டிய நாளிலிருந்து, பட்டாம்பூச்சிகளின் பெயர்களை அவளிடம்தான் கற்று வந்தார். கேலிக்கு ஆரம்பித்த "குருவே" நாக்கில் ஒட்டிக்கொண்டது.

"உக்காருங்க சார். என்னாச்சு?"

"நூலகத்துக்குப் பின்னால பட்டாம்பூச்சிப் பூங்கா போட்டோம்லா. நேத்து தாளாளர் வந்து பாத்தாரு. 'பட்டாம்பூச்சி எல்லாம் லீவுல போயிருக்கா'ன்னு கேக்காரு. பொங்கல் கழிச்சுத் திறப்பு விழா. அன்னைக்கும் இப்படியே கிடந்தா கார் ஷெட் போட்டுருவாராம்."

சாக்பீஸ் தூசியிலேயே காலம் தள்ளிய மனிதர் முதன்முதலாக மண்ணில் கைவைத்த இடம் அது.

"பூங்காவுல என்ன வச்சிருக்கீங்க?"

"என்ன வைக்கல? நர்சரி ரோஜா, டேலியா, நடக்கப் புல்தரை, உக்கார சிமெண்ட் பெஞ்சு. வாசல்ல ஆளுயரத்துக்கு ஒரு பட்டாம்பூச்சிச் சிலை."

"அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. எருக்கும் ஆவாரையுமா ஒரே களை. பிள்ளைகளும் நானும் சேந்து வெட்டித் தள்ளிட்டோம்."

பர்வீன் சிரித்தாள். ஏழு மாத வயிற்றோடு, நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

"சார், அடுத்த மாசம் நான் எங்க போறேன்?"

"மேலப்பாளையத்துக்கு. பேறுகாலத்துக்கு, அம்மா வீட்டுக்கு."

"அதுக்குப் பதிலா நல்ல ஏசி ஓட்டல்ல ரூம் போட்டுக் குடுத்தா?"

"ஓட்டல்ல போயி யாரும்மா பிள்ளை பெத்துப்பா?"

பர்வீன் வாங்க என்று கையைக் காட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.

கேன்டீனுக்குப் பின்னால் ஒரு மூலை. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடம் என்பதால் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. எருக்கு ஆளுயரம் வளர்ந்து நின்றது.

"உக்காருங்க."

"இங்கயா?"

காலையில்தான் தேய்த்துப் போட்ட பேண்ட். ஆனாலும் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் செம்மஞ்சளாக ஒரு பட்டாம்பூச்சி வந்தது. வெந்தய வரியன். பெயர் அவர் வாயில் தானாக வந்தது. அது பூவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓர் இலையைப் பற்றிக்கொண்டு அடிப்பக்கமாக வயிற்றை வளைத்தது. பிறகு பறந்து போனது.

செல்வின் இலையைத் திருப்பினார். வெள்ளையாக ஒரு பொட்டு, கடுகில் பாதி இருக்கும்.

அடுத்த இலையின் ஓரத்தை, வரி வரியாக ஒரு புழு அவசரமே இல்லாமல் தின்றுகொண்டிருந்தது.

"அட கிறுக்கா," என்று அவர் தன்னையே சொல்லிக்கொண்டார். "அம்மா வீட்டை இடிச்சுட்டு ஓட்டலைல்லா கட்டி வச்சிருக்கேன்."

வெட்கமாக இருந்தது. அதைவிடச் சிரிப்பு அதிகமாக வந்தது. பேண்டில் சகதியோடு அவர் சிரித்த சிரிப்பில் கேன்டீன் மாஸ்டர் வெளியே வந்து பார்த்தார்.

மறுநாள் தோட்டக்காரரின் களைக்கொத்தி செல்வினின் பீரோவுக்குள் போனது.

ஐப்பசி மழை இறங்கியது. வெட்டிய எருக்கு தூரிலிருந்து துளிர்த்தது. ஆவாரை கிளைத்தது. யாரும் அழைக்காத தாத்தாப்பூ புல்தரையை எடுத்துக்கொண்டது. ரோஜா ஒருநாள் கண்ணில் படவில்லை, செல்வினும் தேடவில்லை.

"செல்வின் சார் காடு வளர்க்காரு. யானைக்கும் சொல்லி விட்டுருக்காராம்," என்று ஆசிரியர் அறையில் பேச்சு.

அவருக்கும் பயம் இருந்தது. பிள்ளைகளை வேறு சேர்த்துக்கொண்டு செய்கிற வேலை. இருந்தும் கடைசி மணி அடித்ததும் கால் அங்கேதான் போனது. ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்ப்பார். இவ்வளவு சந்தோஷமாக அவர் எந்தப் பாடத்தையும் படித்ததில்லை.

திறப்பு விழா வந்தது. பிள்ளை பெற்று நாற்பது நாள் கழித்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பர்வீனும் வந்திருந்தாள்.

தாளாளரின் கார் பூங்காவுக்குள்ளேயே வந்து நின்றது. இறங்கியவர் இடுப்புயரச் செடிகளைப் பார்த்தார். வாசலில் இருந்த சிலையைத் தேடினார். அதில் கொடி ஏறிவிட்டிருந்தது.

"என்ன சார் இது? நாளைக்கே ஆளை விட்டு..."

பேசிக்கொண்டே ஓர் அடி எடுத்து வைத்தார். வேட்டி ஆவாரையில் உரசியது.

செடியே எழுந்து பறந்த மாதிரி இருந்தது. மஞ்சளாக ஒரு கூட்டம் கிளம்பியது. பக்கத்துச் செடியிலிருந்து இன்னொரு கூட்டம். எருக்குப் பக்கமிருந்து வெந்தய வரியன்கள் வந்தன. பிள்ளைகள் கையைத் தட்டிக் குதித்தார்கள். ஒன்று தாளாளரின் தோளில் வந்து உட்கார்ந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

அது போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டார்.

"வண்டியை ரோட்டுல கொண்டு போய்ப் போடு. மெதுவா எடு, செடி மேல ஏத்திராத. இனிமே இங்க ஒரு வண்டியும் வரக் கூடாது."

செல்வினுக்குக் கண் கலங்கிவிட்டது.

தாளாளர் அவரிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் சரி சார். இருந்தாலும் விழா நாளும் அதுவுமா, இவ்வளவு களையா?"

செல்வின் பர்வீனைப் பார்த்தார். அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தாள்.

"ஆமாங்கய்யா," என்றார் செல்வின். "இப்பத்தான் களை கட்டியிருக்கு."