முதலாளிக்கு ஒரு திருகு

கோயம்புத்தூர் ரேஸ் பட்டறை முதலாளி ஜெகன்னாதன் வண்டியைத் தானே ஓட்டுவார். இன்ஜின் வெடித்தால் பழி மட்டும் ஃபிட்டர் மருதாசலத்தின் தலையில். வேகம் போதாதென்று, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத் திருகைக் களவாக முறுக்கி, மூன்று இன்ஜினைக் கொன்றவரே முதலாளிதான்.

"புது இன்ஜினுல அறுநூறு குதிரைசக்தி வேணும். இதுவும் வெடிச்சா உன்னைத் தொலைச்சுப்புடுவேன்!"

"சரிங்க. அழுத்தத்தை நீங்களே கூட்டிக்க, ஸ்டியரிங் பக்கத்துலயே திருகு வெச்சுத் தர்றனுங்க."

பந்தயம் முழுக்க முதலாளி திருகித் தள்ளினார். வண்டி ஜெயித்தது.

"நான் திருகுனதாலதான் பறந்துச்சு! இவன் கட்டுன இன்ஜினுக்கு ஏது தெம்பு?" என்று கூட்டத்தின் முன் மார்தட்டினார்.

மருதாசலம் அந்தத் திருகைப் பிடுங்கி அவர் கையில் வைத்தான். திருகின் பின்னால், டர்போவுக்குப் போக வேண்டிய குழாய்கூட இல்லை.

"இது எதுலயும் சேரலீங்க. அதான் இன்ஜின் பொழைச்சுது. இனிமே ஊட்டுல உக்காந்து திருகுங்க!"