வேட்டியின் வாசனை

மலைப்பாதையின் கடைசி வளைவில் ஒரு சிறிய மடம். அதை நடத்தி வந்தவர் பூரணி அம்மா. துறவுக்கு வருமுன் நர்சாக வேலை பார்த்தவர். அவருடைய சிஷ்யை செங்கமலம் குருவைவிடப் பத்து வயது மூத்தவள். சிஷ்யை குருவை ‘அம்மா’ என்பாள். குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பார். வருகிறவர்கள் சிரிப்பார்கள். இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை.

செங்கமலம் மடத்துக்கு வந்தபோது ஒரு துணிப்பை மட்டும் கொண்டுவந்தாள். அதில் இறந்துபோன கணவரின் வேட்டி இருந்தது. அவர் எண்ணெய்ச் செக்கில் வேலை பார்த்தவர். கடைசியாக உடுத்திய வேட்டி அது. துவைக்காமல் வைத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் அவள் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குருவிடம் வந்தாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அக்கா.”

“இந்த வேட்டியில நல்லெண்ணெய், புகையிலை, எல்லாம் கலந்து அவர் வாசனை இருந்துச்சு. குறைஞ்சுக்கிட்டே வருது. முழுசாப் போயிட்டா அவரும் போயிடுவாரோன்னு பயமா இருக்கு. என்ன செய்யலாம்?”

“குறையுதுன்னு எப்படித் தெரியும்?”

“தினமும் பிரிச்சு மோந்து பார்க்கிறேனே. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மனசு கேக்கலேன்னா நடுவுலயும்.”

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது வளைவில் பெரிய சத்தம் கேட்டது. இருவரும் ஓடினார்கள்.

கண்ணாடிப் பலகைகள் ஏற்றிவந்த டெம்போ கவிழ்ந்து கிடந்தது. ஓட்டிவந்தவர் சாலையோரம் மல்லாந்து கிடந்தார். பெயர் சம்சுதீன் என்று பிறகு தெரிந்தது. தொடை இடுப்போடு சேரும் இடத்தில் கண்ணாடி கிழித்திருந்தது. ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சியது.

மடத்துச் சமையல்காரி பின்னாலேயே ஓடிவந்தாள். அவளை ஆம்புலன்சுக்குப் போன் செய்ய அனுப்பினார் அம்மா.

“கயிறு கொண்டாரவா அம்மா? இறுக்கிக் கட்டிடலாம்.”

“கால்ல பட்டிருந்தா மேல கட்டலாம். இங்க கட்ட இடமில்ல அக்கா. உக்காருங்க.”

அம்மா தன் காவித் துண்டைக் காயத்துக்குள் விரலால் திணித்தார். செங்கமலத்தின் இரண்டு கைகளையும் இழுத்து அதன்மேல் வைத்தார்.

“உங்க பாரம் முழுக்க இறங்கணும். அழுத்துங்க.” சொல்லிவிட்டு, மூச்சைப் பார்க்கத் தலைப்பக்கம் போனார்.

“யம்மா, உசுரு போகுதே!” என்றார் சம்சுதீன்.

“போகாம இருக்கத்தான் தம்பி அழுத்துறேன்.”

“இந்த அழுத்து அழுத்தினா அது எங்கருந்து போகும்?” என்று பல்லைக் கடித்தார்.

கொஞ்ச நேரம் போனது. செங்கமலம் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ரத்தம் மறுபடி பீய்ச்சியது.

“எடுக்காதீங்க அக்கா!”

“நின்னுருச்சான்னு பார்த்தேன்.”

“நிக்கத்தான் பார்த்துச்சு. நீங்க தூக்கிப் பார்த்துட்டீங்க.”

அம்மா ஓடிவந்து அவள் கைகளின்மேல் தன் கைகளை வைத்து அழுத்தினார். துண்டு நனைந்து போயிருந்தது.

“இருக்கிறதை எடுக்க வேண்டாம். மேலேயே இன்னொரு துணி வைங்க.”

கைக்கெட்டும் தூரத்தில் வேறு துணி இல்லை. தோளில் பை தொங்கியது. செங்கமலம் அதைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை.

“குளிருது” என்றார் சம்சுதீன். குரல் மெலிந்திருந்தது.

அவள் ஒரு கையை உருவி வேட்டியை எடுத்தாள். முகர்ந்து பார்க்க நேரமில்லை. மடிப்புக் கலையாமல் வைத்து, முழங்காலில் நின்று அழுத்தினாள். கை மரத்துப்போனது. தூக்கிப் பார்க்கத் தோன்றியது. தோன்றிய போதெல்லாம் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர் வேட்டியை எடுக்கவில்லை. அதன்மேலேயே இறுக்கிக் கட்டினார்.

“இனி இதை ஆபரேஷன் தியேட்டர்லதான் பிரிப்பாங்க” என்றார்.

வண்டி இறங்கிப் போனது. செங்கமலத்தின் தோளில் பை காலியாகத் தொங்கியது.

மழைக்காலம் முடிந்தது. ஒருநாள் சம்சுதீன் கைத்தடி ஊன்றி மடத்துக்கு வந்தார். கூட வந்த அவர் மனைவி செங்கமலத்திடம் ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

“ஆஸ்பத்திரியில தூக்கிப் போடப் பார்த்தாங்க அக்கா. நான்தான் கேட்டு வாங்கினேன். உப்புத்தண்ணியில ஊறவச்சு, சோப்புப் போட்டு அலசினேன். கறை மட்டும் கொஞ்சம் நின்னுபோச்சு. தப்பா நினைக்காதீங்க.”

அவர்கள் போனபின் செங்கமலம் வேட்டியைப் பிரித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவிடம் ஓடினாள்.

“போச்சு அம்மா. வெறும் சோப்பு வாசனை.”

“இது யாரோட வேட்டி அக்கா?”

“அவரோடதுதான், வேற யாரோடது? இந்த முனையைப் பாருங்க. வெத்திலையை இங்கதான் முடிஞ்சு வைப்பாரு, துணியே சுருங்கிப் போச்சு. சந்தையில மழை பிடிச்சா இதை மடிச்சுக் கட்டிக்கிட்டு, என் செருப்பையும் கையில எடுத்துக்கிட்டு முன்னால ஓடுவாரு. திரும்பித் திரும்பிப் பார்த்து, ‘கமலம், வழுக்கும், மெல்ல வா’ம்பாரு. ஒருநாள் இதை அடுப்புக்கு மேல காயப்போட்டுப் பொசுக்கிட்டாரு. போட்டது அவரு, திட்டு எனக்கு! தோ, அந்த ஓட்டை…”

அவள் சிரித்தாள். மலையில் வெயில் இறங்கும்வரை பேசிக்கொண்டே இருந்தாள்.

அவள் பேசி முடித்ததும் அம்மா கேட்டார்:

“இவ்வளவும் மோந்து பார்த்துத்தான் சொன்னீங்களா அக்கா?”