பள்ளியறை நேரத்தில் பள்ளியெழுச்சி பாடியவர்

மின்சார ரயிலில் போகிறவர்கள் ஆத்திவாக்கத்தை மூக்கால் அறிவார்கள். கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும், சுட்ட மணலின் நெடி அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடலாம். ரயிலடிக்கு மேற்கே இரும்பு வார்ப்பட ஆலைகள். கிழக்கே பழைய கருங்கல் கோயிலில் ஆத்திவனநாதர். மேற்கே கிளம்பும் புகை இரவெல்லாம் கிழக்கே வந்து படியும். பொழுது விடியும்போது நந்தியின் முதுகில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு கரி. அந்தக் கரியை நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்த ஓர் அடியாரின் கதை இது.

ஊர் அவரைக் கன்னியப்பன் என்றது. நாம் கன்னியப்பர் என்போம். இரும்பு ஆறியபின் மணல் அச்சை உடைத்து, சூடு தணியாத மணலை மண்வெட்டியால் அள்ளி ஒதுக்குவது அவருடைய வேலை. ஒப்பந்தக் கூலி. வேலையும் உள்ளூரில் இல்லை. சில ஸ்டேஷன் தள்ளி வேறோர் ஆலையில். ஆத்திவாக்கத்துக்காரர்கள் வெளியூர் ஆலைக்குப் போவார்கள், வெளியூர்க்காரர்கள் ஆத்திவாக்கத்து ஆலைக்கு வருவார்கள். எதற்கு இந்தக் குறுக்குப் போக்குவரத்து என்று கேட்டால் ரயில்வேக்கே விடை தெரியாது.

அந்தக் கோயிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்ற ஊர்களில் சூரியனைப் பார்த்து நடை திறப்பார்கள். ஆத்திவாக்கத்தில் ரயிலைப் பார்த்துத் திறப்பார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்களைச் சுமந்து வரும் வண்டி நின்று, அவர்கள் கரி முகத்தோடு வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பள்ளியறைக் கதவு திறக்கும், பள்ளியெழுச்சி பாடப்படும். உழைத்துவிட்டு வருகிறவர்கள் சுவாமி எழுந்த முகத்தைப் பார்த்துவிட்டு உறங்கப் போகட்டும் என்று யாரோ ஒரு நல்ல குருக்கள் என்றோ ஏற்படுத்திய முறை அது.

இதற்காகவே கன்னியப்பர் நிரந்தரமாக இரவு ஷிப்டை வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் தள்ளிவிட நினைக்கும் ஷிப்டை ஒருவர் விரும்பிக் கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? விடிந்ததும் வந்து நந்தியைத் துடைப்பார். கதவு திறக்கும்போது தம் கரகரத்த குரலில் பள்ளியெழுச்சி பாடுவார். ஓதுவார் இல்லாத கோயிலில் அந்தக் குரல்தான் சுவாமியை எழுப்பியது. அதுவரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, தகரக் கூரையின் வெக்கையில் புரண்டு புரண்டு அரைத் தூக்கம் தூங்கி, மறுபடியும் வேலைக்குப் போவார். ஆலையில் அவருக்கு ‘ஆந்தை’ என்று பெயர். ஆண்டுக்கணக்காக இப்படி இருந்ததில் அவருக்கு நேற்றும் இன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. திங்களா செவ்வாயா என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

“ஊரே தூங்கி எழற நேரத்துல நீ படுக்கப் போற. இப்படியே போனா உனக்குப் புத்தி கலங்கிடும்யா” என்பார் அவர் மனைவி தனபாக்கியம். அவருக்கு வந்த பயம் பொய்யாகவில்லை.

ஐப்பசி அடைமழை. ஒருநாள் காலையில் மாற்று ஆட்கள் வந்து சேராததால் மேஸ்திரி, “கன்னியப்பா, அடுத்த ஷிப்டையும் பாத்துட்டுப் போயிடு” என்று கதவருகே மறித்துவிட்டார். கோயிலுக்குப் போகணும் என்று கன்னியப்பர் கெஞ்சினார். “சாமி எங்கயும் ஓடிடாது” என்றார் மேஸ்திரி. அன்று பள்ளியெழுச்சி தவறியது. ஆகையால் சாப்பாடும் தவறியது.

பிற்பகலில் ரயில் ஏறியவர் உட்கார்ந்ததுமே தூங்கிப்போனார். வண்டி ஆத்திவாக்கத்தைத் தாண்டிக் கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பியது. மறுமுனைக்குப் போய் மறுபடி திரும்பியது. எத்தனை முறை போய்வந்தார் என்று அவருக்கும் தெரியாது. தெரிந்த நெடி மூக்கில் ஏறியதும் திடுக்கிட்டு எழுந்து இறங்கினார். இருட்டு, தூறல், பிளாட்பாரத்தில் விளக்குகள், கூட்டம். விடியப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். ரயிலடி டீக்கடைக்காரர் பலகைகளை நகர்த்திக்கொண்டிருந்தார். கடை திறக்கிறார் என்று எண்ணி ஒரு கும்பிடு போட்டார் கன்னியப்பர். கடைக்காரர் அடைத்துக்கொண்டிருந்தார்.

கோயிலில் மேளச் சத்தம் கேட்டது. ‘நாம் வருவதற்குள் தொடங்கிவிட்டார்களே’ என்று பதறி ஓடினார். நந்தியை அவசரமாகத் துடைத்தார். கரி குறைவாக இருந்தது அவருக்கு விசித்திரமாகப் பட்டது. மழை கழுவியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார். உள்ளே சுவாமியின் திருவடிகளைச் சிறு பல்லக்கில் வைத்து, அம்பாளின் பள்ளியறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். ஆறிய பால் கையில் ஏந்திச் சதாசிவ குருக்கள் முன்னே நடந்தார். ஊஞ்சல் காத்திருந்தது. அந்த நேரத்தில், மண்டபமே அதிரும்படி, பள்ளி எழுந்தருளச் சொல்லித் தொண்டை திறந்து பாடினார் கன்னியப்பர்.

பல்லக்கு நின்றது. மேளம் தடுமாறி நின்றது. யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

“ஏம்ப்பா கன்னியப்பா, இப்ப என்ன நேரம் தெரியுமோ? ராத்திரிடா!” என்றார் குருக்கள்.

“ராத்திரியா சாமி?” என்று கன்னியப்பர் வானத்தைப் பார்த்தார். வானத்தில் விடை இல்லை. “அப்ப காலையில நான் எங்க இருந்தேன்?”

சிரிப்பு கூடியது. ஆனால் கோயில் மணியம் தேவராசன் சிரிக்கவில்லை. நிர்வாகம் அவர் கையில். “தூங்கப்போற சாமியை எழுப்புறியே, ஊருக்கு ஆகுமாய்யா இது? பைத்தியம் முத்திப்போச்சு உனக்கு. இனிமே நந்தியையும் தொடாத, பாட்டும் பாடாத. வெளியில நின்னு கும்பிட்டுட்டுப் போ” என்று கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார். பூசையை ஒருவாறு முடித்து நடை சாத்தினார்கள்.

தனபாக்கியம் சாப்பாட்டுத் தூக்கோடு தேடிக்கொண்டு வந்தபோது, கன்னியப்பர் மதிலின் பின்புறச் சந்தில், தேர் நிறுத்தும் தகரக் கொட்டகைக்குள் இருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளியறை. காதை மதிலில் வைத்திருந்தார்.

“நடந்ததைச் சொன்னாங்க. வுடு. வூட்டுக்கு வா, சாப்பிடு.”

“தனம், அவர் முழிச்சிக்கிட்டு இருப்பாரே.”

“யாரு?”

“சாமிதான். நான் எழுப்பிட்டேன்ல. அப்புறம் கதவைச் சாத்திட்டு எல்லாரும் போயிட்டாங்க. தூக்கம் கலைஞ்சா திரும்ப வராது தனம். எனக்குத் தெரியும். உள்ள இருட்டுல உக்காந்துக்கிட்டு இருப்பாரு.”

தம்மை வெளியே தள்ளியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டு பறிபோனது அவருக்குப் பெரிய வலிதான். ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. தூக்கம் கெட்டவரின் துன்பம் அவர் உடம்பு அறிந்தது. அந்தத் துன்பத்தைத் தாமே தம் இறைவனுக்குக் கொடுத்துவிட்டோமே என்று தேம்பினார்.

“எழுப்பினவன் நான். நான்தான் தூங்க வைக்கணும். எனக்குத் தாலாட்டு வராது. நீ பாடேன்.”

தனபாக்கியம் திகைத்துப்போனார். அவர்களுக்கு ஒரே ஒரு பெண் பிறந்து, முதல் ஆண்டு நிறைவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டது. அதற்குப் பின் அந்த வாயிலிருந்து தாலாட்டு வந்ததில்லை. “யார் யாரைத் தூங்க வைக்கிறது? எனக்கு ஒண்ணுமே புரியலையே” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு, மதிலைப் பார்த்து உட்கார்ந்து பாடினார். குழந்தையின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஆத்திவனநாதா என்றார். கன்னியப்பர் பின்பாட்டுப் பாடினார். மாமன் அடித்தானோ, அத்தை வைதாளோ என்று ஈசனை விசாரித்தார்கள். பாடப் பாட அந்தத் தாயின் அழுகை நின்றது. பாட்டின் நடுவே கன்னியப்பரின் தலை மெல்லச் சாய்ந்தது.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. கரி முகங்கள் வாசலில் கூடின. தேவராசன் ஒலிபெருக்கியில் பள்ளியெழுச்சியைப் போட்டார். குருக்கள் பள்ளியறைப் பூட்டில் சாவியைத் திருகினார், பூட்டு திறந்தது. கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை.

மழையில் மரம் ஊதியிருக்கும் என்றார்கள். நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். வார்ப்பட ஆலையில் வேலை செய்யும் தோள்கள் முட்டியும் கதவு இம்மியும் நகரவில்லை. ஒருவர் கடப்பாறை கொண்டுவரட்டுமா என்று கேட்டார். “பள்ளியறைக்குக் கடப்பாறையா? சிவசிவா!” என்று காதைப் பொத்திக்கொண்டார் குருக்கள். ஒலிபெருக்கி தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தது. என்ன பிழை, யார் பிழை, ஒருவருக்கும் விளங்கவில்லை.

களைத்துப்போன குருக்கள் கதவிலேயே நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடினார். கண்ணை மூடிய அந்த நொடியில் உள்ளிருந்து ஒரு குரல், தூக்கம் கலையாத குரல், அவருக்குக் கேட்டது:

“கன்னியப்பனும் அவன் மனைவியும் எம்மைத் தூங்க வைத்தார்கள். அவன் இன்னும் உறங்குகிறான். அவன் எழாமல் யாம் எழோம். அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்.”

குருக்கள் அலறிக்கொண்டு சந்துக்கு ஓடினார். கூட்டமும் பின்னால் ஓடியது. தேர்க் கொட்டகையில் மனைவியின் மடியில் தலை வைத்துக் கன்னியப்பர் உறங்கிக்கொண்டிருந்தார். உரக்கக் கூப்பிட வாயெடுத்த தேவராசனைத் தனபாக்கியம் கையமர்த்தினார்.

“எழுப்பாதீங்கய்யா. ராத்திரியில அவரு தூங்கி நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆச்சு.”

தேவராசன் குருக்களைப் பார்த்தார். குருக்கள் தாம் கேட்டதைச் சொன்னார். மணியத்தின் முகத்தில் ஈயாடவில்லை. போய் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு வந்து, சந்து முனையில் நின்றுகொண்டு, “ஹாரன் அடிக்காதீங்கய்யா, தள்ளிக்கிட்டுப் போங்க” என்று வருகிற ஆட்டோக்களை எல்லாம் கும்பிட்டுக் கும்பிட்டுத் திருப்பினார். இரவு முழுக்க உழைத்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. காலை ஷிப்டுக்குப் புறப்பட்டவர்கள் ரயிலைத் தவறவிட்டார்கள். ஊர் வாய்பொத்தி நின்றது. உள்ளே இறைவனும் வெளியே அடியாரும் ஒரே உறக்கமாக உறங்கினார்கள்.

வெயில் ஏறிய பின் கன்னியப்பர் கண் விழித்தார். சுற்றிலும் அத்தனை முகங்கள். பதறி எழுந்து, “சாமி, மறுபடியும் தப்பு பண்ணிட்டேனா? இப்ப காலையா, சாயங்காலமா?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியலைங்க. நீங்க வந்து பாடுங்க, அப்பதான் தெரியும்” என்றார் குருக்கள். அதுநாள் வரை ‘டா’ போட்ட வாய் அது.

“பாடக் கூடாதுன்னு ஐயா சொன்னாரே.”

தேவராசன் வழியை விட்டு விலகிக் கைகூப்பினார். கன்னியப்பர் குழம்பியபடியே உள்ளே போனார். பள்ளியறை முன் நின்று, உறக்கம் கலையாத கரகரத்த குரலில் முதல் அடியைப் பாடினார். யாரும் தொடாமல் கதவு இரண்டாகத் திறந்தது. ஊஞ்சல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. குருக்கள் அம்பாளின் பால் கிண்ணத்தை எடுத்து, முதல் பிரசாதமாக அவர் கையில் கொடுத்தார். கன்னியப்பர் அதைத் தனபாக்கியத்திடம் நீட்டினார். அவர் குடித்த பிறகே தாம் வாய் வைத்தார்.

இறைவன் இராப்பகல் கடந்தவன் என்று நூல்கள் சொல்கின்றன. அவனுக்கு எதற்கு உறக்கம் என்று கேட்டால் எனக்கும் குழப்பம்தான். ஆனால் தாம் கெடுத்த உறக்கத்துக்காகப் பட்டினியோடு மதிலோரம் அமர்ந்து அழுத அந்த அன்பில் எனக்குக் குழப்பம் இல்லை. ஈசனையே குழந்தையாக்கித் தாலாட்டிய அந்த இருவரும் நம் வணக்கத்துக்கு உரியவர்கள்.