ஒரு ரூபாய் மேசையும் ஐந்நூறு நாற்காலியும்

வெள்ளக்கரட்டில் அறிவாளிகளுக்குக் குறைவே கிடையாது. அவர்களில் நான்கு பேர் ஒரே கடையில் சேர்ந்துவிட்டதுதான் ஊருக்கு நேர்ந்த சங்கடம். கடையின் பெயர் மங்களம் பந்தல் நிலையம். முதலாளி பொங்கியண்ணன். அவருக்குத் துணையாக நாச்சிமுத்து, சென்னியப்பன், தெய்வசிகாமணி என்று மூன்று பேர். இவர்களை வேலையாட்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆலோசகர்கள் என்று சொல்ல வேண்டும்.

இவர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னது சொன்னபடி நடக்கும். பயமே அதுதான். ஒரு காதுகுத்து வீட்டில், பந்தல் பெரிதாக இருக்கட்டும், ஆனால் எங்கள் வாசலை மறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நம்மவர்கள் நன்றாக யோசித்து, எதிர்வீட்டு வாசலில் பந்தலைப் போட்டுவிட்டார்கள். வெளியூரிலிருந்து திரும்பிய எதிர்வீட்டுக்காரர், தன் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று தெருமுனையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

இப்படிப் பேர் பரவியபிறகு கடைக்கு யார் வருவார்கள்? வருமானம் தேய்ந்தது. கடை இருந்த கட்டடமோ பொங்கியண்ணனின் மச்சினன் சுப்பையனுடையது. அவனுக்கு வெகுநாளாக அந்த இடத்தின் மேல் ஒரு கண். ஆடி பிறந்த அன்று வந்து, காபியைக் குடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னான்.

"ஆவணி மொத முகூர்த்தத்துல ஒரே ஒரு கல்யாணத்தைக் குறையில்லாம நடத்திக் காட்டுங்க மாமா. இல்லீன்னா சாவியைக் குடுத்துருங்க. நான் பிராய்லர் கடை வெச்சுக்கறேன்."

பொங்கியண்ணனுக்கு அந்தக் கடைதான் உயிர். கல்யாண வீட்டில் சனம் முழுக்க உட்கார்ந்தபிறகு, ஓரமாக நின்று தன் நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருப்பதைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த இடத்தில் கோழி கத்துவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கடையை எப்படியாவது காப்பாற்றியே தீருவது என்று சபதம் செய்தார். செய்துவிட்டு, கைபேசியை எடுத்துப் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆட உட்கார்ந்தார்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. வேறு பந்தல் கடைக்காரனாக இருந்தால் கம்பிக்கு வர்ணம் அடிப்பான், கிழிந்த துணியைத் தைப்பான். நம்மவர்கள் மூளைக்கு வேலை கொடுப்பவர்கள். அப்போது அந்த ஆட்டம் கைபேசியில் தாராளமாகக் கிடைத்தது. ஒரு ரூபாய் கட்டி ஆடும் மேசை, இரண்டு ரூபாய் மேசை என்று இல்லாதவனுக்கும் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஒருவனையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்ல மனசு.

ஆட்டம் இவ்வளவுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். கை நன்றாக இருந்தால் காசு போடலாம், இல்லையென்றால் சீட்டைக் கீழே போட்டு ஒதுங்கலாம். எல்லோரும் ஒதுங்கிவிட்டால் மிச்சம் இருக்கிறவன் ஜெயித்தான். எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், அவன் போட்ட அளவுக்கு நாமும் போட வேண்டும். போட்டால்தான் காட்டுவான்.

நான்கு பேரும் முறை வைத்து ஆடி, முறை தவறாமல் தோற்றார்கள். மனம் ஒடிந்துபோய், சொல்லித் தர ஒரு குருவைத் தேடினார்கள். குரு அதே கைபேசியிலேயே இருந்தார். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த ஒரு மாஸ்டர். வீடியோவில் அவர் முதல் பாடத்தைச் சொன்னார்.

"தோத்துட்டோம்னு வருத்தப்படாதீங்க நண்பர்களே. ஒவ்வொரு தப்பும் ஒரு பாடம். தப்புப் பண்ணாதவன் எதையுமே கத்துக்க முடியாது."

நாச்சிமுத்து வீடியோவை நிறுத்தினார். முகம் பிரகாசமாகிவிட்டது. இத்தனை நாளும் ஜெயிக்கப் பார்த்ததால்தான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று விளக்கினார். அது மற்ற மூவருக்கும் உடனே புரிந்தது. ஒருவர் சொல்வது மற்றவருக்கு உடனே புரியும் கடை அது.

அன்றிலிருந்து தப்பை முறையாகச் செய்ய ஆரம்பித்தார்கள். நாச்சிமுத்து நல்ல சீட்டு வந்தால் கீழே போடுவார். சென்னியப்பன் மோசமான சீட்டு வந்தால் இருப்பதையெல்லாம் போடுவார். முதலாளி சீட்டைப் பார்க்காமலே ஆடுவார். படிப்பு மளமளவென்று ஏறியது. தெய்வசிகாமணி ஆடிய ஒரு சாயங்காலம்தான் அந்த விபரீதம் நடந்தது. அவர் எட்டு ரூபாய் ஜெயித்துவிட்டார்.

நாச்சிமுத்து கைபேசியை வாங்கி, எட்டு ரூபாய்தானா என்று மறுபடி பார்த்தார்.

"என்னப்பா இப்படிப் பண்ணிப்போட்டே?" என்றார் பொங்கியண்ணன்.

"தெரியாம நடந்துபோச்சுங்கண்ணா. இருக்கறதுலயே பெரிய சீட்டு, ரெண்டு ஆஸ் வந்துச்சு. நான் கீழ போடறதுக்குள்ள எல்லாரும் ஒதுங்கிட்டாங்க."

"சரி, ஜெயிச்சதுல என்னத்தைக் கத்துக்கிட்டே?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா" என்று தெய்வசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

சென்னியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. தோற்க வேண்டிய இடத்தில் ஜெயித்தது தப்புதானே, தப்பு என்றால் அதிலும் ஒரு பாடம் இருக்குமே என்று பரிந்து பேசினார். பொங்கியண்ணன் வெகுநேரம் யோசித்துவிட்டு அதை மறுத்தார். "ஜெயிக்கறது தப்புன்னா தோக்கறது சரின்னு ஆயிரும். நாம சரியாப் பண்ணிட்டிருந்தா எப்படிப்பா கத்துக்கறது?" சென்னியப்பன் அதைக் கணக்கு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டார்.

அடுத்த பாடம் இன்னும் கடினம். ஒரு தப்பை ஒரு தடவைதான் பண்ண வேண்டும், மறுபடி அதையே பண்ணுகிறவன் முட்டாள் என்றார் மாஸ்டர். முட்டாள் என்ற பேர் வந்துவிடக் கூடாதே என்று நால்வருக்கும் கவலை. தினம் தினம் புதுத் தப்புக்கு எங்கே போவது? கண்ணை மூடி ஆடிப் பார்த்தார்கள். கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து ஆடினார்கள். பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, பஜ்ஜி மாவு ஒட்டிய விரலால் ஒரு கை ஆடச் சொன்னார்கள். அந்த மனுஷன் ஜெயித்துத் தொலைத்தார்.

மூன்றாவது பாடம்தான் கடைக்கே வினையாக வந்து முடிந்தது.

"கையில நல்ல சீட்டு இருந்தா, ஒண்ணுமே இல்லாத மாதிரி காட்டிக்கணும். ஒண்ணுமே இல்லைன்னா, எல்லாம் இருக்கிற மாதிரி காட்டிக்கணும். எது நடந்தாலும் முகத்துல ஒண்ணும் தெரியக் கூடாது."

கைபேசிக்குள் இருக்கும் எதிராளிக்கு இவர்கள் முகம் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் கேட்கவில்லை. நான்கு நாற்காலியை எதிரெதிரே போட்டு உட்கார்ந்து, முகத்தில் எதுவும் தெரியாமல் இருக்கப் பழகினார்கள். சாப்பாடு கொண்டுவந்த பொங்கியண்ணன் சம்சாரம் மரகதம் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் வாதம் வந்துவிட்டது என்று எண்ணி வைத்தியரைக் கூட்டிவரப் போய்விட்டாள்.

இந்தக் கோலத்தில் இருக்கும்போதுதான் அரிசி ஆலை வேலப்பன் வந்தார். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு பழம். ஊரிலேயே பெரிய கை. மூத்த மகளுக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம், பந்தலும் ஐந்நூறு நாற்காலியும் வேண்டும் என்றார். கடை பிழைக்க இந்த ஒரு வார்த்தை போதும். பொங்கியண்ணனுக்கு எழுந்து கும்பிடலாம் போலிருந்தது. ஆனால் முகத்தில் தெரியக் கூடாதே.

நான்கு பேரும் அவரையே பார்த்தபடி அசையாமல் இருந்தார்கள்.

"உங்களைத்தானுங்க கேக்கறேன். நாற்காலி இருக்குங்களா?"

பின்னால் கூரை தொடும் அளவுக்கு ஐந்நூறு நாற்காலி அடுக்கியிருந்தது. நல்ல கை. பொங்கியண்ணன் பாடத்தை மறக்கவில்லை.

"ஒண்ணுகூட இல்லீங்க."

"அப்ப இதெல்லாம் என்னங்க?" என்று வேலப்பன் கையை நீட்டினார்.

சென்னியப்பன் திரும்பிப் பார்த்துவிட்டு, சலனமில்லாமல், "எதுங்க?" என்றார்.

வேலப்பன் நாற்காலிகளைப் பார்த்தார். நால்வர் முகத்தையும் பார்த்தார். தன்மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது, கொடுக்க மனசில்லை என்று நினைத்துக்கொண்டு தட்டோடு திரும்பிப் போய்விட்டார். அவர் தெரு திரும்பும்வரை ஒருவரும் முகத்தை மாற்றவில்லை. அப்புறம் நாச்சிமுத்து துள்ளிக் குதித்தார்.

"ஒதுங்கிட்டாருங்கண்ணா. எதுத்த ஆளு ஒதுங்கிட்டா நாமதானுங்க ஜெயிச்சோம்."

இந்த வெற்றியை விசாரிக்க வந்தவன்போல சுப்பையன் வந்தான். விவரத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நாற்காலியை வைத்துக்கொண்டே இல்லை என்று சொன்னது எப்பேர்ப்பட்ட தப்பு என்றான். தப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நால்வர் முகமும் மலர்ந்தது. அதுவும் இதுவரை செய்யாத புதுத் தப்பு. அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்று இருட்டும்வரை விவாதித்தார்கள். இல்லை என்று சொன்னது மாஸ்டர் சொன்ன பாடம், அது தப்பாக இருக்க முடியாது. ஆகவே நாற்காலி இருந்ததுதான் தப்பு என்று முடிவாயிற்று.

தப்பைத் திருத்த வேண்டுமே. நாற்காலிகளை யாராவது எடுத்துக்கொண்டால் தேவலை என்றார் பொங்கியண்ணன். சுப்பையனுக்கு மாமா படும் கஷ்டத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அன்றிரவே ஒரு லாரியைக் கொண்டுவந்து, ஏதோ கைக்கு வந்த விலையைக் கொடுத்து, ஐந்நூறையும் ஏற்றிக்கொண்டு போனான். பொங்கியண்ணன் லாரி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். படிப்பு என்றால் செலவு இருக்கத்தான் செய்யும் என்று தேற்றிக்கொண்டார்.

முகூர்த்தம் நெருங்கியது. வேலப்பன் தாராபுரம் வரை அலைந்து பார்த்தார். முதல் முகூர்த்தம் அல்லவா, எல்லாக் கடையும் முன்பே பேசி முடிந்திருந்தது. வேறு வழியில்லாமல் வெட்கத்தைவிட்டு மங்களம் பந்தல் நிலையத்துக்கே வந்தார். உள்ளே நாற்காலிகளைக் காணோம். வேறு விசேஷத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்தார்.

"இப்பவாச்சும் நாற்காலி இருக்குங்களா?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இப்போது கையில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

"ஆயிரம் இருக்குதுங்க" என்றார் பொங்கியண்ணன்.

ஐந்நூறு போதுமே என்றார் வேலப்பன். ஆயிரத்துக்குக் குறைத்துப் பேச்சே இல்லை என்றார் சென்னியப்பன். வேலப்பன் கும்பிட்டு, முன்பணம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போனார். கடை பிழைத்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் மட்டும் பொங்கியண்ணனுக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது. பாதியில் பயந்து ஒதுங்குகிறவன்தான் தோற்பான் என்று மாஸ்டர் சொன்னதை நாச்சிமுத்து நினைவுபடுத்தியதும் அதுவும் போய்விட்டது.

கல்யாணத்தன்று பந்தல் அருமையாக அமைந்தது. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாததால் ஒழுங்காகவே போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஊர் முழுக்க நின்றது. கிழவர்கள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா முழங்கால் வலியோடு முறைத்துக்கொண்டு நின்றார். நம்மவர்கள் நால்வரும் வாசலில் வரிசையாக நின்று, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "வாங்க, உக்காருங்க" என்று வந்தவர்களையெல்லாம் உபசரித்தார்கள்.

வேலப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"எங்கய்யா நாற்காலி?"

"இருக்குதுங்க."

"இருந்தாக் காட்டு."

பொங்கியண்ணன் அவரை அமைதியாகப் பார்த்தார். "நாங்க ஆயிரம்னு சொல்லியிருக்கறமுங்க. பாக்கோணும்னா நீங்களும் ஆயிரம் போடோணும். போட்டாத்தான் காட்டுவோம். அதானுங்க முறை."

வேலப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்போது பார்த்து, தெருமுனையில் சும்மா நின்றுகொண்டிருந்த சுப்பையனின் லாரி உறுமியது. இரண்டு பங்கு வாடகை சொன்னான். மாப்பிள்ளையின் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பேரம் பேசாமல் கொடுத்தார் வேலப்பன். ஐந்நூறு நாற்காலியும் மடமடவென்று இறங்கிச் சனம் முழுக்க உட்கார்ந்தது.

ஆயிரத்துக்கு ஐந்நூறு, வேலப்பன் பாதிதான் போட்டிருக்கிறார் என்று நாச்சிமுத்து காதைக் கடித்தார். கல்யாண வீடு, போகட்டும் என்று பொங்கியண்ணன் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். பிறகு நால்வரும் வேலப்பன் முன்னால் போய் நின்று, முறைப்படி, காலியான எட்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்கள். வேலப்பன் தள்ளிப்போய் ஒரு தூணில் சாய்ந்துகொண்டார். சுப்பையன் பக்கத்தில் வந்து கையை நீட்டினான். பொங்கியண்ணன் இடுப்பிலிருந்து கடைச் சாவியை அவிழ்த்து அவன் கையில் வைத்தார்.

வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்று, நிறைந்திருந்த நாற்காலிகளைப் பார்த்தார். அத்தனையும் அவர் தேய்த்துக் கழுவி அடுக்கியவை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

"அண்ணா, வேலப்பண்ணன் ஜெயிச்சுட்டாருங்களே" என்றார் தெய்வசிகாமணி மெதுவாக. எட்டு ரூபாய் ஜெயித்த அன்று தான் பட்ட பாடு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பொங்கியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூரத்தில் தூணில் சாய்ந்து நின்ற வேலப்பனைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு இளகிவிட்டது. இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு அலைந்து, அந்த மனுஷன் ஒன்றுமே கற்றுக்கொள்ளாமல் வீட்டுக்குப் போகப்போகிறார். நேராக அவரிடம் போய் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"மனசு உட்றாதீங்க. சின்னப் பொண்ணு கல்யாணத்துல கண்டிப்பாத் தோத்துருவீங்க. நாங்க இருக்கறோம்."