வரைபடத்தில் தென்துருவம் வெள்ளையான கதை

பறவைகள் பேசியது மனிதர்களுக்கும், மனிதர்கள் பேசியது பறவைகளுக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், வடகடல் ஓரத்துத் துறைமுகம் ஒன்றில், செப்புத் தகட்டில் வரைபடம் செதுக்கும் யோரிஸ் தன் அண்ணன் வௌட்டரைக் கடைசியாக உயிரோடு பார்த்தான். வௌட்டர் கப்பல் தலைவன். ஏணியில் பாதி ஏறி நின்றிருந்தான். தம்பி செதுக்கிய தகட்டில் அச்சடித்த வரைபடத் தாள் சுருட்டியபடி அவன் கக்கத்தில் இருந்தது.

“டேய் யோரிஸ், உன் நன்னீர் விரிகுடாவில் முதல் வாளி நான்தான் மொள்ளப் போகிறேன். உனக்கும் ஒரு குப்பி கொண்டு வரட்டுமா?”

மாலுமிகள் சிரித்தார்கள்.

“அண்ணா, அந்த விரிகுடா வந்து...”

“என்ன, குப்பி போதாதா? பீப்பாயே வேண்டுமா?”

இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று யோரிஸ் வாயை மூடிக்கொண்டான். ஏணியைத் தூக்கிவிட்டார்கள்.

அவன் சொல்ல வந்தது இதுதான். தென்துருவத்தை அதுவரை யாரும் கண்டதில்லை. ஆனாலும் அதை மையமாக வைத்து வரையும் ஆப்பம் போன்ற வட்ட வரைபடத்தின் நடுவில் பெரிய நிலம் ஒன்றைப் போட்டு, மலையும் காடுமாக நிரப்புவது செதுக்குகிறவர்களின் வழக்கம். வெற்றிடம் விட்டவனுக்கு வேலை தெரியாது என்று பேர் வந்துவிடும். அந்த நிலத்தின் கரையை இழுத்துக்கொண்டிருந்தபோது யோரிஸின் உளி வழுக்கி, ஆழமாகக் கீறிவிட்டது. செம்பில் விழுந்த கீறலை அழிப்பது பெரும்பாடு. அவன் அதை அப்படியே வளைத்துவிட்டு, ஓர் ஆற்றையும் இறக்கி, ‘நன்னீர் விரிகுடா’ என்று, அச்சில் நேராக விழும்படி இடவலம் மாற்றி எழுதிச் செதுக்கினான். தாளில் அழகாகத்தான் விழுந்தது.

இரண்டு வருஷம் போனது. ஒரு முற்பகலில் பட்டறையின் ஜன்னல் கட்டையில் ஆல்பட்ரோஸ் ஒன்று வந்து இறங்கியது. தென்கடலில் கப்பல்களோடு கூடவே பறக்கும் பெரிய பறவை அது. சிறகை மடக்கி முடிக்கவே அதற்கு நேரமாயிற்று.

“வௌட்டரின் தம்பி நீதானே? அதே மூக்கு.”

“அண்ணன் எங்கே?”

“உன் விரிகுடாவைப் பதினெட்டு நாள் தேடினார். பீப்பாய்கள் வற்றின. திரும்பிவிடலாம் என்று மாலுமிகள் கெஞ்சினார்கள். ‘என் தம்பி செதுக்கியது, இங்கேதான் இருக்கும்’ என்றார். பிறகு இரண்டு பக்கமும் பனிப்பாறைகள் நெருக்கிக் கப்பலை நசுக்கிவிட்டன. ஒருவரும் மிஞ்சவில்லை.”

யோரிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். மறுநாள் இன்னொரு கப்பல் தெற்கே கிளம்புகிறது. ஐம்பத்திரண்டு பேர். அதே தகட்டில் அடித்த தாளைத்தான் அவர்களும் கொண்டுபோகிறார்கள். அதே விரிகுடாவில்தான் தண்ணீர் பிடிக்கப் போகிறார்கள்.

அவன் தகட்டைப் பறவையின் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

“உள்ளதைச் சொல். இந்த மலை இருக்கிறதா?”

“பார்த்ததில்லை.”

“இந்தக் காடு?”

“மரம் என்றால் எனக்குப் பாய்மரம்தான் தெரியும்.”

“அப்படியானால் நடுவில் என்னதான் இருக்கிறது?”

“எப்போதும் பனிமூட்டம். தெரிந்துகொள்ளத்தான் எனக்கும் ஆசை. ஆனால் கறுத்த பாறைக் கரை ஒன்று உண்டு. வெயில் அடித்த ஒரு நாளில் உன் அண்ணன் அதைக் கண்டு தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.” எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்பதையும் அது அலகால் காட்டியது.

யோரிஸ் சுரண்டியை எடுத்தான். முதலில் விரிகுடா போனது. பிறகு ஆறு, மலை, காடு. தகட்டைக் குப்புறப் போட்டுப் பின்பக்கம் சுத்தியலால் தட்டிப் பள்ளங்களை நிரவினான். மெருகிட்டுத் தேய்த்தான். கறுத்த பாறைக் கரையை மட்டும் புதிதாகச் செதுக்கினான்.

அச்சகத்துச் சொந்தக்காரி மாக்தெல்ட் அம்மாள் புதுத் தாளைக் கண்டதும் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“அடப்பாவி, நிலத்தையே காணோமே! இந்தக் கோட்டுக்கு இரண்டு நுனியும் அந்தரத்தில் நிற்கிறது. ஊரே சிரிக்கும். ஒரு யானையையாவது போட்டு நிரப்பு.”

“அதற்கு அப்பால் யாரும் பார்க்கவில்லை, அம்மா. விரிகுடா என் உளி வழுக்கிய இடம். அண்ணன் அதை நம்பித்தான் போனார்.”

“யானை வேண்டாம்” என்றாள் அவள். தாளை அவளே எடுத்துக்கொண்டு அவனோடு துறைமுகத்துக்கு நடந்தாள். அங்கே தெற்கே கிளம்பவிருந்த கப்பலின் மாலுமிகள் எல்லோரும் கேட்க, உளி வழுக்கியதை யோரிஸ் ஒன்று விடாமல் சொன்னான். ஒருவன் அவன் காலடியில் காறித் துப்பினான். கப்பல் தலைவர் மட்டும் அந்த வெள்ளை வட்டத்தின் மேலேயே வெகு நேரம் குனிந்திருந்தார்.

“இங்கே என்ன இருக்கும்?” என்றார்.

“தெரியாது ஐயா.”

“போய்ப் பார்த்துவிடலாம்.” அவர் நிமிர்ந்து ஆட்களைக் கூப்பிட்டார். “வழியில் தண்ணீர் கிடையாது. இன்னும் நாற்பது பீப்பாய் ஏற்றுங்கள்!”

ஐம்பத்திரண்டு பேரும் அடுத்த கோடையில் திரும்பி வந்தார்கள். தாங்கள் கண்ட ஒரு துண்டுக் கரையைச் சொன்னார்கள். யோரிஸ் அதையும் செதுக்கினான். மற்றப் பட்டறைக்காரர்களும் மெல்ல மெல்லத் தங்கள் தகடுகளைச் சுரண்டத் தொடங்கினார்கள்.

அன்று முதல்தான், தென்துருவ வரைபடத்தில் கண்ட கரைக்கு மட்டும் கோடு போட்டு, காணாத இடத்தை வெள்ளையாக விடுகிறார்கள். வௌட்டர் கண்ட கரை யோரிஸின் தகட்டில் ஒரு சுண்டுவிரல் நகத்தின் நீளம் இருக்கிறது.