இடக்கைக்கு வந்த கடிகாரம்

அந்தக் காலத்தில் ஆடு மாடு பேசியது போலவே மனுஷருடைய கைகளும் பேசும். பேசினால் பரவாயில்லை, ஓயாமல் சண்டையும் போடும். மருத்துவச்சி அங்காயியின் இரண்டு கைகளும் அப்படித்தான்.

வலக்கைக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. சோறு உண்பது, திருநீறு பூசுவது, ஆசீர்வாதம் பண்ணுவது எல்லாம் அதுதான். இடக்கைக்கு மிஞ்சிய வேலை என்னவென்று நான் சொல்ல வேண்டுமா, உங்களுக்கே தெரியும். ஊருக்கு முதன்முதலாகக் கைக்கடிகாரம் வந்தபோது அதையும் வலக்கையே எடுத்துக்கொண்டது.

"ஒரு நாளாவது நான் கட்டிக்கொள்ளட்டுமா அண்ணே?" என்று கேட்டது இடக்கை.

"பீச்சாங்கைக்கு மணி ஒரு கேடா?" என்றது வலக்கை. இடக்கைக்கு அழுகையே வந்துவிட்டது.

வலக்கையில் கடிகாரம் பட்ட பாடு கொஞ்சமா! எண்ணெயில் வழுக்கும், அம்மியில் இடிபடும், வெந்நீரில் முங்கும். போன பிரசவத்தில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து முட்கள் அப்படியே நின்றுவிட்டன. குழந்தை பிறந்த நேரம் தெரியாமல் ஜாதகம் எழுத முடியவில்லை. "இவளை நம்பி இனிமேல் யார் கூப்பிடுவார்கள்?" என்று ஊரே பேசியது. இன்னொரு தடவை தவறினால் அங்காயியின் பிழைப்பில் மண்தான்.

இந்த நேரம் பார்த்து வீராயியின் மருமகளுக்கு வலி கண்டது. பழுதுபார்த்த கடிகாரத்தோடு அங்காயி ஓடினாள்.

வலக்கை வெந்நீர்ப் பானைக்குள் போனதுதான் தாமதம், கடிகாரம் அலறியது. "ஐயோ, கண்ணாடி வேர்க்கிறது! வினாடி முள்ளுக்கு மூச்சு முட்டுகிறது! என்னை அந்தக் கைக்கு மாற்றுங்களேன்!"

"நான் இருக்கும்போது அந்தக் கைக்கா?" என்று சீறியது வலக்கை.

இடக்கை சட்டென்று கொக்கியை நெகிழ்த்தி வாரை உருவியது. ஆனால் தன் மணிக்கட்டில் தானே எப்படிக் கட்டிக்கொள்வது? "அண்ணே, நீ கட்டினால்தான் உண்டு. எனக்காக வேண்டாம், வரப்போகிற பிள்ளைக்காகக் கட்டு" என்று கெஞ்சியது.

கைகளின் பேச்சைக் கேட்ட வீராயி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டாள். "அடியே அங்காயி, என் பேரப்பிள்ளை பொறக்கிற நேரத்தை அந்தக் கையிலா பார்ப்பே? வெளங்குமா?"

"வெந்நீர்ல மறுபடி நின்னுபோனா எந்தக் கையில பார்த்து என்ன ஆத்தா? செத்த சும்மா இருங்க!"

வலக்கை ஒரு கணம் தயங்கியது. பிறகு வீறாப்பை விட்டுவிட்டு, இடக்கையில் வாரைச் சுற்றிக் கொக்கியை மாட்டியது.

குழந்தை வந்தது. ஆனால் அழவில்லை. உடம்பு நீலம் பாரித்துக் கிடந்தது. இடக்கை குழந்தையைக் கவிழ்த்துத் தாங்கிக்கொள்ள, வலக்கை முதுகைத் தேய்த்தது, தட்டியது, மறுபடி தேய்த்தது. "அழுடா ராசா, அழுடா!"

வீல் என்று ஒரு சத்தம்!

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது அங்காயிக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு இடக்கையைப் பார்த்தாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது, வினாடி முள் துள்ளி ஓடிக்கொண்டிருந்தது. பெரிய முள்ளையும் சின்ன முள்ளையும் பார்த்து நேரத்தை உரக்கச் சொன்னாள்.

வீராயி உள்ளே ஓடி வந்து பேரனைப் பார்த்தாள். அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா? அங்காயியின் இடக்கையை, ஆமாம், அந்தக் கையைத்தான், பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வலக்கை மெல்லக் கடிகாரத்திடம் கேட்டது. "உன் சாவி இடப்பக்கம் இருக்கிறதே, எனக்கு எட்டவில்லை. என் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளேன். தினமும் நானே வந்து சாவி கொடுக்கிறேன்." கடிகாரமும் சந்தோஷமாகச் சரியென்றது.

வலக்கையில் கட்டுகிறவர்களும் இல்லாமல் இல்லை, அவர்கள் காதுக்கு இந்தச் சேதி எட்டவில்லை போலும். மற்றபடி அன்று முதல்தான் கடிகாரம் இடக்கையில் குடியிருக்கிறது, சாவி வலப்பக்கம் இருக்கிறது, வலக்கையும் தன் தம்பியைத் தேடிப் போய் அதைத் திருகிவிட்டு வருகிறது.