நான்காம் தெப்பத்தின் எட்டாவது ஆள்

காட்டு ஏரியில் ஒரு பெரிய மூங்கில் கப்பல் இருந்தது. மூன்று அடுக்கு. நாவல் பழுக்கும் காலத்தில் விலங்குகள் அதில் ஏறி அக்கரைக்கு உல்லாசப் பயணம் போய்வரும். கப்பலின் ஓரத்தில், ஆபத்துக்கு உதவ நான்கு தெப்பங்கள் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் எட்டுப் பேருக்கு இடம்.

நான்காம் தெப்பத்துக்குப் பொறுப்பு பொன்னரசி என்ற நீர்நாய். அவள் தெப்பத்தில் ஏறமாட்டாள். கூடவே நீந்தி வருவாள். கப்பல் புறப்படும் முன் நத்தைக்கூட்டை ஊதுவாள். ஏழு முறை குறுக்கி, ஒருமுறை நீட்டி. சத்தம் கேட்டதும் அவரவர் தெப்பத்தில் ஏறி உட்கார்ந்து காட்ட வேண்டும். அதுதான் ஒத்திகை.

நான்காம் தெப்பத்தின் எட்டாவது ஆள் வேலப்பன் என்ற முள்ளம்பன்றி. அவன் ஏற வந்தாலே முயல் முகம் சுளிக்கும்.

"முள்ளு குத்துது அண்ணே. இது சும்மா ஒத்திகைதானே, நீங்க மேலயே நில்லுங்க."

வேலப்பனும் சிரித்துக்கொண்டே மேல்தளத்து மூலைக்கு ஒதுங்கிவிடுவான். யாருக்கும் தொந்தரவு தரப் பிடிக்காத நல்ல ஜீவன். பொன்னரசி ஏழு தலைகளை எண்ணிவிட்டு, "எட்டு" என்று உரக்கச் சொல்வாள். கப்பல் சீக்கிரம் கிளம்ப வேண்டுமே! ஐந்து பயணங்கள் இப்படியே போயின.

ஆறாவது பயணத்தில், நடு ஏரியில், கப்பல் பாறையில் மோதியது. கீழடுக்கில் தண்ணீர் புகுந்தது.

நத்தைக்கூடு ஒலித்தது. பழகிய கால்கள் தாமாகவே நடந்தன. முயல் பழ மூட்டையைப் போட்டுவிட்டுத் தன் குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடிவந்தது. கீரியும் ஆமையும் மற்றவர்களும் ஏறினார்கள்.

பொன்னரசி எண்ணினாள். ஏழு. வழக்கம்போல "எட்டு" என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"வேலப்பண்ணன் எங்கே?"

யாருக்கும் தெரியவில்லை. மற்ற மூன்று தெப்பங்களும் விலகிப் போய்விட்டன.

"கயித்தை அவுத்துடலாம் அக்கா, கப்பல் சாயுது" என்றது கீரி.

"அவருக்கு நீச்சல் தெரியாது. நான் வர்ற வரைக்கும் கயித்தை விடாதே."

பொன்னரசி மேலே ஓடினாள். வேலப்பன் அதே மூலையில் நின்றிருந்தான். அவன் கால்களும் பழகிய இடத்துக்குத்தான் வந்திருந்தன.

"இங்க என்ன அண்ணே பண்றீங்க?"

"என் இடம் இதுதானேம்மா. நான் வந்தா எல்லாருக்கும் குத்தும். குட்டி வேற இருக்கு. நீங்க கிளம்புங்க."

பொன்னரசி அவன் முன்னங்காலைப் பிடித்து இழுத்தாள். "தப்பு என்னோடது அண்ணே. ஏழு பேரை எட்டுன்னு சொன்னவ நான்தான். உங்களை விட்டுட்டுப் போகமாட்டேன், வாங்க."

தெப்பத்துக்கு வந்தும் வேலப்பன் தயங்கினான். யாரையும் குத்தாமல் எங்கே உட்காருவது?

ஆமை ஓரமாக நகர்ந்தது. அது தரையில் வாழும் ஆமை. அதற்கும் நீச்சல் வராது. "என்னை ஒட்டி உட்காருப்பா. என் ஓட்டுல எந்த முள்ளு இறங்கப் போகுது?"

வேலப்பன் உட்கார்ந்தான். யாருக்கும் குத்தவில்லை. ஐந்து பயணங்களாக யாரும் தேடாத இடம் ஒரு நொடியில் கிடைத்துவிட்டது. கீரி கயிற்றை விட்டது. தெப்பம் சற்று விலகியதும் கப்பல் மூழ்கியது.

கரை வரும்வரை முயல் தலை நிமிரவில்லை. பிறகு மெதுவாக, "உங்களை மேல நிக்கச் சொன்னது நான்தானே அண்ணே" என்று அழுதது.

"குட்டி நனைஞ்சிருக்கு, முதல்ல துடைச்சுவிடும்மா" என்றான் வேலப்பன்.

அடுத்த ஆண்டு புதுக் கப்பலில் ஒத்திகை நடந்தது. முதலில் ஆமை, அதை ஒட்டி வேலப்பன், பிறகு மற்றவர்கள். பொன்னரசி ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினாள். கடைசியாக வேலப்பன் தலையைத் தொட்டபோதுதான் "எட்டு" என்றாள்.

அமைதியான நாளில் நாம் ஒதுக்கி நிறுத்தியவர் ஆபத்து நாளிலும் ஒதுங்கியே நிற்பார். ஆகவே எல்லோருக்கும் இடம் கொடுக்க முன்பே பழகிக்கொள்ள வேண்டும்.